பத்து சென்ட்டும் ஒரு மலைச்சரிவும்

காட்டாக்கடையைத் தாண்டிக் கிழக்கே போகப் போக நிலத்தின் விலை இறங்கும், சாலை ஏறும். திருவனந்தபுரம் நகருக்குள் ஐந்து சென்ட் வாங்க வக்கில்லாதவர்கள் தேடி வருவது இந்தப் பக்கம்தான். வெள்ளறடை, ஆரியநாடு, விதுரை, பாலோடு என்று எங்கே போனாலும் ரப்பரும் பலாவும் அஞ்ஞிலியும் அடர்ந்த ஒரு சரிவு விற்பனைக்கு இருக்கும். நண்பர் ஒருவருக்குத் துணையாக ஒரு பிப்ரவரியில் நானும் அப்படி ஓர் இடம் பார்க்கப் போனேன். பத்து சென்ட். தரகர் மூன்று கேள்விகளுக்கான பதிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். புரையிடமா, நிலமா? புரையிடம். டேட்டா பேங்கில் இருக்கிறதா? இல்லை. வண்டி வருமா? வரும். அத்துடன் இடம் வீட்டுக்கு ஏற்றது என்று ஆகிவிட்டது. சரிவு எவ்வளவு செங்குத்து, மேலே என்ன இருக்கிறது, மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பொய் சொல்லியிருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. அந்தக் கேள்விகள் அவர் கையிலிருந்த தாள்களில் இல்லை, அவ்வளவுதான்.

கேரளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த முதல் கேள்வி விளங்காது. வருவாய்ப் பதிவேட்டில் நெல் விளைந்த தாழ்வான வயல் 'நிலம்'. வீடும் தோப்பும் உள்ள மேட்டுப்பகுதி 'புரையிடம்'. நம் நஞ்சை புஞ்சைக்குத் தூரத்துச் சொந்தம். 1970களின் நடுவில் ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்து நெற்பரப்பு, முப்பதே ஆண்டுகளில் இரண்டே கால் லட்சத்தை ஒட்டிச் சுருங்கியது. அந்தப் பதற்றத்தில் பிறந்ததுதான் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்ட ஏற்ற இடம் எது என்ற கேள்வியைக் கேரளம் இன்று கேட்கும் விதத்தை வடிவமைத்தது அதுவே.

அந்தச் சட்டத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. இடத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பை அது தலைமைச் செயலகத்தில் வைக்கவில்லை, ஊருக்குக் கொடுத்தது. பஞ்சாயத்துத் தலைவர், கிருஷி பவன் வேளாண் அதிகாரி, வில்லேஜ் ஆபீசர், மூன்று நெல் விவசாயிகள் கொண்ட உள்ளூர்க் கண்காணிப்புக் குழு வயல்களைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியல்தான் டேட்டா பேங்க். சொந்த வீடு இல்லாதவர், வேறு இடமும் இல்லாதவர் என்றால் பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை வயலில் வீடு கட்ட அனுமதிக்கலாம் என்று ஒரு மனிதாபிமான வாசலையும் திறந்து வைத்தது. பட்டியலில் பிழைகள் மலிந்தன. பல ஆண்டுகளுக்கு முன்பே தூர்ந்துபோன நிலம் வயலாகப் பதிவானது, நீர் நிற்கும் நிலம் விடுபட்டது. திருத்தக் கோரும் விண்ணப்பங்கள் கோட்டாட்சியர் அலுவலகங்களில் மலையாகக் குவிந்தன. ஆனாலும் மண் கொட்டி வயலை மூடுவது குற்றம் என்ற உணர்வு ஊருக்குள் வந்தது. அது சின்னச் சாதனை இல்லை.

கோளாறு சட்டம் சொன்னதில் இல்லை, சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. வயலில் கட்டாதே என்றால், வயல் அல்லாத எங்கும் கட்டலாம் என்று ஊர் புரிந்துகொண்டது. புரையிடம் என்ற சொல்லுக்குள் சமதளத் தென்னந்தோப்பும் அடங்கும், முப்பது பாகைச் சரிவில் நிற்கும் மரக்கூட்டமும் அடங்கும். வரி ரசீதில் இரண்டும் ஒன்றே. வேடிக்கை என்னவென்றால், அனுமதி பெற்றோ பெறாமலோ வயலை நிரப்பப் போகும் செம்மண் லாரிகள் புறப்படுவதே இந்த மேட்டிலிருந்துதான். ஒரு பக்கம் குழி நிரம்ப, மறுபக்கம் குன்று குறையும். சட்டம் லாரி போய்ச் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மரங்கள் நிற்கும் தனியார் இடத்தைப் பற்றிச் சட்டங்களே இல்லையா என்றால், உண்டு. 2003ஆம் ஆண்டின் சூழல்நொய்மை நிலச் சட்டம், காட்டை ஒட்டி, இயற்கை மரங்களால் மூடப்பட்ட தனியார் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்தது. 2005இன் மரவளர்ப்பு ஊக்குவிப்புச் சட்டமோ எதிர்த்திசையில், சந்தனம் போன்ற சிலவற்றைத் தவிரத் தன் நிலத்து மரத்தை உரிமையாளர் பெரும்பாலும் தானே வெட்டிக்கொள்ளலாம் என்றது. இரண்டுக்கும் நடுவே, 'காடு' என்று எண்ணப்படுவது எது என்பதே குழப்பம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் பத்து விழுக்காட்டுக்கு மேல் மர நிழலும் இருந்தால் அது வனப்பரப்பு. யாருடையது, என்ன மரம் என்ற கேள்வி இல்லை. ரப்பரும் அதில் சேரும். ஆக, செயற்கைக்கோளுக்கு அது காடு, வருவாய்த் துறைக்குப் புரையிடம், தரகருக்கு 'வியூ உள்ள பிளாட்'.

பொன்முடி அடிவாரத்து மெர்ச்சிஸ்டன் எஸ்டேட் விவகாரம் இந்தக் குழப்பத்தின் பெரிய மாதிரி. இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்பக் கழகத்துக்காக அங்கே நிலம் வாங்கப்பட்ட பிறகுதான் அது சூழல்நொய்மை நிலமா இல்லையா என்ற சண்டை 2007 வாக்கில் வெடித்தது. கழகம் கடைசியில் நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் எழுந்தது. ராக்கெட் விடும் துறைக்கே பத்திரம் முடிந்தபின்தான் நிலத்தின் தன்மை தெரியவருகிறது என்றால், பத்து சென்ட் வாங்குகிறவர் என்ன செய்வார்?

இந்த மாவட்டத்தில் இடப்பொருத்தம் பற்றி எழுதும் எவரும் அம்பூரியைச் சுற்றிப் போக முடியாது. குமரி மாவட்டத்தின் ஆறுகாணி, பத்துகாணிக்கு அண்டை ஊர் அது. உணவுப் பஞ்சக் காலத்தில் காடு திருத்திப் பயிர் செய்யத் திருவிதாங்கூர் அரசு ஊக்கம் தந்தபோது, மீனச்சில் பக்கத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள் வளர்த்த ஊர். முதலில் மரச்சீனி, பிறகு ரப்பர். 2001 நவம்பர் 9ஆம் தேதி, ஐப்பசி மழை கொட்டிய நாளில், ரப்பர் நின்ற சரிவு சேறும் பாறையுமாக இறங்கி வீடுகளை மூடியது. அதில் ஒன்று திருமண நிச்சயத்துக்காக உறவினர் கூடியிருந்த வீடு. நாற்பது பேர் வரை இறந்தார்கள்.

அந்த வீடு நின்ற இடத்தை மட்டும் எடுத்து இன்றைய தாளில் வைத்துப் பாருங்கள். புரையிடம். பல ஆண்டு குடியிருப்பு. வழி உண்டு. எல்லாக் கட்டங்களும் நிரம்பும். ஆபத்து அந்த மனைக்குள் இருக்கவில்லை, மேலே இருந்தது. கேரளத்தின் உருள்பொட்டல்களை, அதாவது நிலச்சரிவுகளை, ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் காட்டும் காரணங்கள் சில உண்டு: ஏறக்குறைய இருபது பாகைக்கு மேற்பட்ட சரிவு, பாறைமேல் தடித்துக் கிடக்கும் தளர்ந்த மண், ஓடை பிறக்கும் பள்ளம் அடைபடுவது. ஆழ வேரோடிய பலவகை மரங்கள் போய் ஒரே வயது ரப்பர் வருகிறது. சரிவைப் படிப்படியாக வெட்டிக் கையாலை (கல்வரப்பு) போடும்போது மழைநீர் ஓடி இறங்காமல் நின்று மண்ணுக்குள் புகுகிறது. ஒவ்வொரு படியும் அதனதன் உரிமையாளருக்கு நல்ல விவசாயம். எல்லாம் சேர்ந்து கீழ்வீட்டுக்காரனுக்கு எமன்.

மதிப்பீட்டின் அலகே தப்பு என்று நான் சொல்வது இதனால்தான். அலகு மனை. இயற்கையின் அலகோ முகட்டிலிருந்து ஓடைவரை நீளும் ஒரு முழுச் சரிவு. வரைபடம் இல்லாமலும் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் நிலச்சரிவு வாய்ப்பை 1:50,000 அளவில் வரைந்திருக்கிறது. அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். பத்து சென்ட் மனை சுமார் 405 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்கு இருபது மீட்டர். வரைபடத்தில் அரை மில்லிமீட்டர்கூட வராது. தாலூகாவுக்கு எச்சரிக்கை விட அந்தப் படம் போதும், பேரிடர் மேலாண்மைக்கு அது அவசியமும்கூட. இந்த அஞ்ஞிலிக்குக் கீழே படுக்கையறை வைக்கலாமா என்று அதனிடம் கேட்க முடியாது. நேரில் வந்து அதைக் கேட்கவேண்டிய அதிகாரி வருவதும் இப்போது குறைந்துவருகிறது. சிறு வீடுகளுக்கு, உரிமையாளரும் உரிமம் பெற்ற வரைவாளரும் தரும் உறுதிமொழியை நம்பி உடனே அனுமதி வழங்கும் முறை வந்துவிட்டது. அந்த அனுமதியை இணையத்தில் தரும் கே-ஸ்மார்ட் 2024 தொடக்கத்தில் நகரங்களில் நுழைந்து, 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் நீண்டது. லஞ்சத்துக்கும் அலைச்சலுக்கும் அது நல்ல மருந்து, மறுக்கவில்லை. சமதளத்துக்கும் சரிவுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதுதான் உறுத்துகிறது.

'அப்படியானால் மேலிருந்து மொத்தமாக அளந்து கோடு போட்டுவிடலாமே' என்பவர்களுக்கு 2022இன் அனுபவம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்று அந்த ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மண்டலத்துக்குள் இருக்கும் வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலை, திருவனந்தபுரத்திலேயே இருக்கும் மாநிலத் தொலையுணர்வு மையத்துக்குப் போனது. செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தயாரித்த அறிக்கை டிசம்பரில் வெளியானபோது, தங்கள் வீடு கணக்கில் இல்லை என்று மலையோர மக்கள் கொதித்தார்கள். கூரைக்கு மேல் மரக்கிளை படர்ந்திருந்தால் வானத்துக்கு வீடு தெரியாது, காடுதான் தெரியும். மரத்தை வெட்டாமல் வைத்திருந்தவர்தான் முதலில் காணாமல் போனார்! பஞ்சாயத்துதோறும் உதவி மேசை போட்டு நேரில் போய்ச் சரிபார்க்க நேர்ந்தது. 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அந்த ஒரே அளவுக் கோட்டைத் தளர்த்தியது. நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களை ஒட்டிய ஊர்களில் 'மரம் வளர்த்தால் வம்பு' என்ற பேச்சு அதன்பின் என் காதிலேயே விழுந்திருக்கிறது. ஒரு மதிப்பீட்டு முறைக்கு இதைவிட மோசமான விளைவு இருக்க முடியாது.

இடம் பார்க்க இந்த ஊருக்கு வேறொரு வழக்கமும் தெரியும். ஒரு கோல் ஆழத்தில் குழி தோண்டி, அதே மண்ணால் மூடு. மண் மிஞ்சினால் நல்ல இடம், குறைந்தால் வேண்டாம் என்பது வாஸ்து நூல்களின் பழைய சோதனை. அந்த நூல்களின் ஆயக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தக் குழிச் சோதனையில் மட்டும் மண்ணின் இறுக்கத்தைப் பார்க்கும் ஒரு கொத்தனின் கண் இருக்கிறது. அந்தக் கண்ணை நம் காலத்தில் வைத்திருந்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவு ஒன்றில் அவர் கட்டிக்கொண்ட 'ஹாம்லெட்' வீடு பாறைக்கு வளைந்து கொடுத்து ஏறும். உள்ளூர் என்ற பெயருள்ள இடத்தில், ஏறக்குறைய 10 ஏக்கரில் அவர் அமைத்த வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில் சுவர்கள் மரங்களுக்கு விலகி நடக்கின்றன. செலவைக் குறைப்பது பற்றி அவர் வரைந்து எழுதிய சிறு நூலிலும், சரிவில் கட்டுகிறவர் சமஉயரக் கோட்டுக்கு இணையாக வீட்டைக் கிடத்தினால் வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் குறையும் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அவருக்கு அது அழகியல் இல்லை, சிக்கனம்.

ஆனால் பேக்கரை மேற்கோள் காட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. அவர் ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் போய் நின்றவர். அப்படி நிற்கும் ஒரு பொறியாளரை, அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் நான்கு லட்ச ரூபாயில் வீடு முடிக்கவேண்டிய குடும்பம் எங்கே தேடும்? அந்தப் பணத்தில் சுவரும் கூரையும் எழும். பின்பக்கம் வெட்டிய மண்ணுக்குத் தாங்குசுவர் கட்டக் காசு மிஞ்சாது. விலை குறைந்த இடமே செங்குத்தான இடமாக இருக்கும்போது, 'சரிவில் கட்டாதே' என்ற அறிவுரை ஏழைக்கு 'கட்டாதே' என்றுதான் கேட்கும்.

நேரில் போய்ப் பார்க்கும் மதிப்பீடு அரசால் முடியாததும் இல்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்த பின், ஆக்குளத்துத் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜான் மத்தாய் தலைமையில் ஒரு குழு மலையேறியது. எங்கே இனி குடியிருக்கக் கூடாது என்று ஆற்றோரம் நடந்து குறித்தது. புது ஊருக்கு எந்த எஸ்டேட் தாங்கும் என்றும் பார்த்தது. கல்பற்றையின் எல்ஸ்டன் எஸ்டேட்டில் ஏறக்குறைய 64 ஹெக்டேரில், வீட்டுக்கு ஏழு சென்ட் வீதம் நகரியம் எழுப்ப 2025 மார்ச் 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மனையைப் பார்க்காமல் மலையைப் பார்த்த மதிப்பீடு அது. பிணங்களை எடுத்த பிறகு வந்தது என்பதே குறை.

மேட்டுக்கும் ஒரு டேட்டா பேங்க் வேண்டும் என்பது என் கட்சி. எல்லாப் புரையிடத்துக்கும் வேண்டாம். இருபது பாகைக்கு மேல் சரிந்தவை, ஓடை பிறக்கும் பள்ளங்கள் ஆகியவற்றுக்கு மட்டும். வயலுக்கு இருப்பதுபோல ஊர்க் குழு, அதில் ஒரு நிலவியலாளர். அவர்கள் போகவேண்டிய மாதம் பிப்ரவரி அல்ல, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையோ துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையோ கொட்டும் மாதம். தாமதம் வரும், பட்டியலில் பிழை வரும், வயல் பட்டியலைச் சுற்றி வளர்ந்த தரகு இதைச் சுற்றியும் வளரும். அந்தச் செலவைக் கொடுக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தப் பத்து சென்ட்டை நண்பர் வாங்கவில்லை. பணம் புரளவில்லை என்பதைத் தவிரப் பெரிய காரணம் ஏதுமில்லை. அக்டோபரில் வேறு வேலையாக அவ்வழியே போனபோது ஒரு மழை நாளில் இறங்கிப் பார்த்தோம். இடம் கைமாறியிருந்தது. அஞ்ஞிலிகள் இல்லை. ஜேசிபி வெட்டிய செம்மண் சுவர் இரண்டாள் உயரத்தில் பச்சைப் புண்ணாக நின்றது. நாங்கள் பிப்ரவரியில் செருப்புக் காலோடு நடந்த பள்ளத்தில் இப்போது தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. புது உரிமையாளர் அதைத் தன் மனைக்குள் வரவிடாமல் ஒரு பிவிசி குழாயில் திருப்பி எல்லைக்கு வெளியே விட்டிருந்தார். குழாய் முடிந்த இடத்துக்குக் கீழே ஓடு வேய்ந்த ஒரு பழைய வீடு. அதன் பின்வாசலில் ஒரு அம்மாள் சிமென்ட் சாக்குகளில் மண்ணை நிரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்.