வாழை இலைக் கட்டும் வரி நோட்டும்

ஊர்த்திருவிழா குறித்த ஆய்வேடுகள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. இயல் பகுப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ஊரின் அமைவிடம், கோயில் வரலாறு, காப்புக்கட்டு, தேரோட்டம், நேர்த்திக்கடன், முடிவுரை. பெண்கள் எங்கே என்று தேடினால் முளைப்பாரி, கும்மி, பொங்கல் ஆகிய மூன்று துணைத்தலைப்புகளுக்குள் இருப்பார்கள். பெண்களையும் சேர்த்தாயிற்று என்ற நிறைவு ஆய்வாளருக்கும் நெறியாளருக்கும் வந்துவிடுகிறது. அந்த நிறைவோடுதான் எனக்குச் சண்டை.

கள ஆய்வு என்றதும் நாம் வகுப்பில் சொல்லும் முதல் பெயர் மாலினோவ்ஸ்கி. 1915க்கும் 1918க்கும் இடையில் பாப்புவா நியூகினியைச் சேர்ந்த ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரமிட்டுத் தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, நாள்தோறும் குறிப்பெழுதியவர். 1922இல் வந்த அவரது நூல், ஆண்கள் படகேறிப் போய்ச் சங்கு வளைகளையும் சிப்பி மாலைகளையும் கைமாற்றும் குலாவை உலகறியச் செய்தது. பெண்களின் வாழ்வைப் பற்றியும் அவர் பிறகு பக்கம் பக்கமாக எழுதினார்.

1971இல் அதே தீவுகளுக்கு அனெட் வெய்னர் போனார். மரச்செதுக்குக் கலையை ஆராய்வதே அவர் நோக்கம். ஊருக்குள் வந்த முதல் நாளிலேயே, இறந்தவருக்கான சடங்கொன்றில் பெண்கள் காய்ந்த வாழை இலைக் கட்டுகளை ஆயிரக்கணக்கில் பகிர்ந்தளிப்பதைக் கண்டார். இறந்தவரின் தாய்வழிக் குடிப் பெண்கள், அவரோடு உறவு பேணியவர்களுக்கெல்லாம் அந்தக் கட்டுகளைக் கொடுத்துக் கடன் தீர்க்கிறார்கள். மனைவிக்குப் போதிய கட்டுகள் சேர, கணவன் தன் பொருளைச் செலவிட வேண்டும். ஆண்களின் செல்வம் பெண்களின் சடங்கில் வந்து கரைகிறது. வெய்னரின் நூல் 1976இல் வெளிவந்தது.

மாலினோவ்ஸ்கி பெண்களைப் பார்க்காமலில்லை. ஆனால் அவர்கள் கையிலிருந்ததைச் செல்வமாக எண்ணவில்லை. முறையியலின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பெண்களை எத்தனை பக்கம் விவரித்தோம் என்பதைவிட, எதைக் கணக்கில் எடுத்தோம் என்பதே முக்கியம்.

ஆய்வாளர் பெண்ணாக இருந்தால் போதும் என்றும் இதற்குப் பொருளில்லை. ட்ரோப்ரியாண்ட் வாழை இலையிலிருந்து எல்லா ஊர்ப் பெண்களுக்கும் பொதுவான ஒரு ‘பெண்மை மதிப்பை’ எடுத்துவிட முடியாது என்று 1981இல் மரிலின் ஸ்ட்ராதர்ன் வெய்னரை மறுத்து எழுதினார். நம் சூழலில் அந்த மறுப்புக்குக் கூடுதல் வலு உண்டு. தேர் வராத தெருவில் இருக்கும் பெண்ணும், தேருக்கு வாசலில் கோலமிடும் பெண்ணும் ஒரே திருவிழாவைக் கொண்டாடுவதில்லை.

அதனால் என் மாணவிகளிடம், பூசாரியிடம் தலவரலாறு கேட்பதற்கு முன் வரி நோட்டைப் பாருங்கள் என்கிறேன். தலைக்கட்டு வரி யாரை எண்ணுகிறது? கணவனை இழந்தவளின் வீடு முழு வரியா, அரை வரியா, கணக்கிலேயே இல்லையா? வரி கொடுக்காதவளுக்குக் கோயிலில் என்ன உரிமை? வரி வாங்கப்படாத தெரு எது? ஊர் யார் யாரைக் கொண்டது என்பதை ஊரே எழுதிவைத்திருக்கும் ஆவணம் அது.

அடுத்து, அந்த நோட்டில் ஏறாத செலவுகள். திருவிழாவுக்கு வரும் மகளுக்கும் மருமகனுக்கும் எடுத்த துணி, கறி விருந்து, அதற்காக அடகுக்குப் போன கம்மல், மகளிர் குழுவில் வாங்கிய கடன், அது அடையும் மாதம். மாதவிடாய் வந்ததால் கோயில் பக்கம் போகாமல், ஆனால் வீட்டு வேலை எதுவும் குறையாமல் இருந்தவளின் நாள். இவற்றைக் கேட்க ஒலிப்பதிவுக் கருவியை மேடை முன் வைத்துப் பயனில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார வேண்டும். திருவிழா முடிந்து பந்தல் பிரித்த பின்னும் ஒரு வாரம் அங்கே இருக்க வேண்டும்.

கேட்டதையெல்லாம் எழுதிவிடலாம் என்பதும் இல்லை. கணவனுக்குத் தெரியாமல் வைத்த அடகை ஊர்ப்பெயரோடு அச்சிட்டால், நாம் பட்டம் வாங்குவோம், அவள் அடி வாங்குவாள். எதை விடுவது என்பதை அவளிடமே கேட்டு முடிவெடுப்பதும் முறையியல்தான்.

அடுத்த ஆய்வேட்டில் முளைப்பாரி இயல் இருக்கட்டும். அந்த முளைப்பாரிக்கு மண்ணும் எருவும் சுமந்தவள் யார், அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.