பூனைப் படமும் காபிக் கடைப் பட்டியலும்

இணையப் பக்கம் அமைக்கும் வித்தையை ஒரு காசும் வாங்காமல் கற்றுத்தர முன்வரும் தளங்கள் இன்று அநேகம் உண்டெனினும், ஒரு முறை எழுதிவைத்த பாடத்தைக் கால மாறுதலுக்கு ஏற்பக் கலைத்துத் திரும்பவும் எழுதும் பொறுமை அவற்றுள் சிலவற்றுக்கே வாய்த்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டு க்வின்ஸி லார்ஸன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் அத்தகைய சிலவற்றுள் ஒன்று. லாப நோக்கமற்ற அந்த ஸ்தாபனம், தன் பாடத்திட்டம் முழுவதையும் கிட்ஹப் என்னும் நிரல் பகிர்வுத் தளத்தில் திறந்து வைத்து, பிழை கண்டவர் எவராயினும் திருத்தம் அனுப்பலாம் என்று அனுமதித்திருக்கிறது. அங்கே ‘ரெஸ்பான்ஸிவ் வெப் டிசைன்’ என்ற பெயரில் நடக்கும் ஆரம்பப் பாடத்தை அதன் பழைய வடிவங்களிலும் புதிய வடிவத்திலும் செய்து பார்த்த பின், என் அபிப்பிராயத்தை இங்கே எழுதுகிறேன்.

நல்ல பாடத்தை எதற்காகத் தொட வேண்டும் என்று கேட்பவர், இத்துறை தன் பழக்கங்களை எவ்வளவு வேகமாக மாற்றிக்கொள்கிறது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிடுவதற்காக ஏற்பட்ட ‘ஃப்ளோட்’ என்னும் வசதியை வளைத்து நெளித்துப் பக்கத்தையே பிரித்துவந்த காலம் போய், 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய பிரதான பிரௌசர்கள் அடுத்தடுத்து, பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் ‘கிரிட்’ முறையை ஏற்றுக்கொண்டன. 2022 ஜூனில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்துவிட்டது. ஆதியில் இத்தளத்தின் பாடத்தில் முன்வரிசையில் நின்ற பூட்ஸ்ட்ராப், ஜேகுவரி என்னும் ஆயத்த நிரல் தொகுப்புகள் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பின்னுக்குப் போனதும் இந்தப் போக்குக்கு இசைவானதே.

அந்த 2018-ஆம் ஆண்டு வடிவத்தில், 300 மணி நேரப் பாடம் என்ற அறிவிப்போடு, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சிறு சிறு அப்பியாசங்கள் வரிசையாக வந்தன. பக்கத்தின் பகுதிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் முறையைக் கற்பவன் நீலப் பெட்டி ஒன்றையும் செம்மஞ்சள் பெட்டி ஒன்றையும் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டிருப்பான்; அந்தப் பெட்டிகள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை, எதற்காக நகர்கின்றன என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. இலக்கண சூத்திரங்களை மனனம் செய்தவனிடம் கடிதம் ஒன்று எழுதச் சொன்னால் எப்படித் திகைப்பானோ, அப்படியே இவனும் முடிவில் வரும் ஐந்து புராஜெக்ட்களின் முன் திகைத்து நின்றான்.

2022-ல் வந்த திருத்தம் இந்தக் குறையை வேரோடு பிடுங்க முயன்றது. தனித்தனி அப்பியாசங்களை அகற்றிவிட்டு, ஒவ்வொரு பாடத்திலும் ஒரு முழுப் பக்கத்தை ஒன்றிரண்டு வரிகளாக எழுதிக் கட்டி முடிக்கச் செய்தது. பூனைப் படங்களைக் காட்டும் பக்கத்தில் உள்ளடக்கத்தை அமைக்கும் ஹெச்டிஎம்எல்லும், காபிக் கடையின் விலைப்பட்டியலில் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸும், ராட்டினத்தில் அனிமேஷனும் கற்பிக்கப்பட்டன. இவற்றுள் காபிக் கடைப் பட்டியலைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லத் தோன்றுகிறது; ஏனெனில், ஒரு நல்ல உபாத்தியாயரின் கை அதிலே தெரிகிறது. ‘பிரெஞ்சு வெனிலா’ என்ற பெயர் இடப்புறமும் அதன் விலையான 3.00 வலப்புறமும் ஒரே வரியில் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கக்கூடிய ‘இன்லைன்-பிளாக்’ பெட்டிகள் ஆக்கி, ஆளுக்குப் பாதியாக 50 சதவீத அகலம் கொடுக்கச் சொல்கிறது பாடம். மாணவன் கொடுக்கிறான், விலை அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது. ஐம்பதும் ஐம்பதும் நூறுதானே, கணக்கில் என்ன பிசகு என்று அவன் விழிக்கும் தருணத்தில்தான், கோடில் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதியதால் இடையே ஒரு வெற்றிடம் புகுந்து அகலத்தைக் கூட்டிவிட்டது என்ற ரகசியம் அவிழ்கிறது. முதலில் 49 சதவீதமாகக் குறைத்துப் பார்க்கச் சொல்லி, அதிலும் வலது ஓரத்தில் மிஞ்சும் சிறு இடைவெளியைச் சுட்டிக்காட்டி, பிறகே பேக்ஸ்பேஸை அழுத்தி பெயரையும் விலையையும் கோடில் ஒரே வரியில் ஒட்டிவைக்கச் சொல்கிறது. தவறான வழியில் வேண்டுமென்றே நடத்திச் சென்று, இடறும் இடத்தில் காரணத்தைக் காட்டும் இந்த முறை, சரியான விடையை நேரே சொல்லிக் கொடுப்பதைக் காட்டிலும் பன்மடங்கு சிறந்தது. இன்றைக்கு இதே வேலையை ஃப்ளெக்ஸ்பாக்ஸில் இரண்டு வரியில் முடித்துவிடலாமே என்பவர்களுக்கு, புதுப்பிப்பது என்றால் பழையது அத்தனையையும் எறிந்துவிடுவது அல்ல என்பதே என் பதில். பிரௌசர் வெற்றிடத்தையும் எண்ணுகிறது என்பதை அறியாதவன் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் கற்றும் ஒருநாள் இதே குழியில் விழுவான்.

ஆயினும் இந்தத் திருத்தம் ஒரு புதிய தோஷத்தையும் கூடவே கொண்டுவந்தது. எடிட்டரில் இன்ன வரிகளை மட்டுமே மாற்றலாம் என்று ஒரு பகுதி ஒளியூட்டிக் காட்டப்படுகிறது. மற்ற வரிகளில் கை வைக்க முடியாது. செய்ய வேண்டியதும் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான். எழுதி, கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால், சரியென்றால் அடுத்த படி, தவறென்றால் ஒரே ஒரு குறிப்பு. ஒருமைப்பட்ட மனம் இல்லாமலே அநேகம் படிகளைத் தாண்டிவிடலாம். தாண்டிய பின் வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்தால், முதல் வரியில் என்ன எழுதுவதென்று தெரியாமல் போவதும் உண்டு.

இப்போதைய வடிவம் இதைத்தான் நிவர்த்திக்கப் பார்க்கிறது. கைபிடித்து நடத்தும் பகுதிக்கு ‘வொர்க்‌ஷாப்’ என்று பெயரிட்டு, அதன் பிறகு ‘லேப்’ என்ற பகுதியை வைத்திருக்கிறார்கள். லேபில் படிகள் இல்லை. வேண்டியவை இன்னின்ன என்ற பட்டியலும் காலியான எடிட்டருமே உண்டு. இறுதியில் 20 கேள்விகள் கொண்ட வினாடிவினா. 18-க்குச் சரியான விடை அளித்தால்தான் தேர்ச்சி. இந்தக் கண்டிப்பை நான் மனமார வரவேற்கிறேன்.

சமையல் குறிப்புப் பக்கம் ஒன்றை அமைக்கும் லேபில், மிளகு ரசம் வைக்கும் முறையைத் தமிழிலேயே எழுதிப் பார்த்தேன். புளி, மிளகு, சீரகம், பெருங்காயம் என்ற பட்டியலும், செய்முறையின் கிரமமும், படத்துக்கான ‘ஆல்ட்’ விவரணமும் தமிழில் இருப்பதில் எந்தத் தடையும் இல்லை. பொருள்களுக்கும் செய்முறைக்குமான உபதலைப்புகள் இரண்டும் மட்டும் லேப் தரும் நிபந்தனைப் பட்டியலில் உள்ள ஆங்கிலச் சொற்களாகவே இருந்தாக வேண்டும். அவற்றைத்தான் பரிசோதனை தேடுகிறது. இயந்திரத்தை உபாத்தியாயராக வைத்துக்கொண்டவர் இவ்வளவுக்கு இணங்கத்தான் வேண்டும். ஆனால் பாடம் முழுவதும் பக்கத்தின் மொழியாக ஆங்கிலத்தின் குறியீடே எழுதப்படுவதால், தமிழ்ப் பக்கம் அமைப்பவர் தம் சொந்தக் கோப்பில் ‘லாங்’ என்ற இடத்தில் தமிழின் குறியீட்டை இட மறக்கக்கூடாது; பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் எந்த மொழியின் உச்சரிப்பில் வாசிக்க வேண்டும் என்பதை அதைக் கொண்டே நிர்ணயிக்கிறது.

கைபேசியிலும் இதைச் செய்யலாம் எனினும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கம்ப்யூட்டரில் பாடம், எடிட்டர், முன்தோற்றம் மூன்றும் பக்கம் பக்கமாக நிற்க, சிறு திரையில் அவை தாவல்களாகச் சுருங்கி, எழுதியதன் விளைவை உடனே பார்க்கும் சுகம் போய்விடுகிறது. அடைப்புக்குறிகளைத் தொடுதிரையில் தேடி அழுத்துவதும் பெரும் சிரமம். எதில் செய்தாலும், கணக்கு தொடங்காமலே பாடங்களைச் செய்ய முடியும். செய்தது சேமிக்கப்பட வேண்டுமானால் மட்டும் மின்னஞ்சலைக் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். சான்றிதழுக்கும் கட்டணம் கிடையாது.

எளிய ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய எந்த ஆரம்ப மாணவருக்கும், தற்சமயம் நான் பார்த்த இலவசப் பாடங்களுள் இதையே முதலாவதாகச் சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை: வொர்க்‌ஷாப் முடிந்த சூட்டோடு அடுத்ததற்கு ஓடாமல், அதே பக்கத்தைச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, பாடத்தைப் பார்க்காமல் முதல் வரியிலிருந்து எழுதிப் பாருங்கள். வராத இடத்துக்கு மட்டும் திரும்பப் போனால் போதும்.