டைம்பாஸ்: புரோதிமா பேடி நினைவுக்குறிப்பு நூல் – விமர்சனம்

டைம்பாஸ், பம்பாயின் புகழ்பெற்ற மாடலாக இருந்து ஒடிசி நடனக் கலைஞரான புரோதிமா பேடியின் வாழ்க்கையைக் கூறும் ஆங்கில நூல். 1998 ஆகஸ்டில் கைலாய யாத்திரை சென்ற அவர், மால்பா நிலச்சரிவில் இறந்தார். அவர் முடிக்காமல் விட்ட தன்வரலாற்றுடன் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் சேர்த்து மகள் பூஜா பேடி நூலாக்கினார். பெங்குயின் நிறுவனம் வெளியிட்டது.

சிறப்பு

தன் தவறுகளை மறைக்காமல் பேசும் துணிவே நூலின் பலம். முந்தைய ஆண்டு தம்பியையும் இழந்திருந்த பூஜா, தாயின் சொற்களைப் பூசி மெழுகாமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது.

குறைகள்

நூலில் மிகுதியாக இடம்பெறுவது அவருடைய உறவுகள். அறுபதுகளின் இறுதியில் ஒரு பெண் மாடலாகப் பிழைப்பது எப்படி, வாய்ப்பு யார் தருவார், கூலி என்ன என்ற கேள்விகள் பின்தங்கிவிடுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரோட்டத்தில் எல்லோரும் தேரையே பார்ப்பார்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுபவரைக் கவனிப்பவர் குறைவு. இங்கும் அப்படித்தான்.

1974-இல் சினி பிளிட்ஸ் இதழின் தொடக்கத்தையொட்டி அவர் ஆடையின்றி ஓடியதாக வந்த செய்தி இன்றும் பேசப்படுகிறது. பம்பாயில் ஓடினார் என்பர் சிலர். கோவா கடற்கரையில் எடுத்த படம் நகரத் தெருவோடு ஒட்டப்பட்டது என்பர் சிலர். ஒருவர் வாக்குமூலத்தைக் கொண்டு மட்டும் இதைத் தீர்க்க முடியாது. வாழ்க்கை வரலாற்றாசிரியர் என்றால் இதழ்க்காரரையும் படமெடுத்தவரையும் விசாரித்திருப்பார்.

1975-இல் ஒடிசி நடனத்தைக் கண்டு, கட்டாக்கில் கேளுசரண் மகாபாத்ராவிடம் மாணவியாகச் சேர்ந்தார். சென்னையின் கலாநிதி நாராயணனிடம் அபிநயமும் கற்றார். 1990-இல் பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் நிருத்யகிராம் என்ற நடனக் குருகுலத்தைத் தொடங்கினார். குருவும் மாணவியரும் அவரை எப்படிக் கண்டனர் என்பதை அவர்கள் வாயிலாகவே கேட்டிருந்தால் வரலாறு நிறைவு பெற்றிருக்கும்.

மதிப்பீடு

நாட்குறிப்பு அன்றைய மனநிலையைச் சொல்லும், நடந்ததைச் சரிபார்க்காது. ஆகவே இந்நூலை அவர் உள்ளத்தின் சான்றாகக் கொள்ளலாம். நிகழ்வுகளுக்கு ஒரே சான்றாகக் கொள்ளலாகாது. இதை வைத்துக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுவோர் 1974-இல் நின்றுவிடாமல் 1990-க்கும் வர வேண்டும். படம் பழையதாகிவிட்டது, நிருத்யகிராம் இன்றும் நடனக் கலைஞர்களை உருவாக்கி வருகிறது. புரோதிமாவுக்கு ஒரு முழுமையான வாழ்க்கை வரலாறு எழுதப்பட வேண்டும்.