தண்ணீர் வருமுன்

மேட்டூர் அணையைத் திறக்க வழமையாகக் குறித்த நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணையைக் கடந்து வாய்க்கால்களில் பிரிந்ததும், காவிரி டெல்டாவின் டிராக்டர்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் சேறடிக்க இறங்கும். நாற்றங்காலில் நாற்றின் வயது ஏறிக்கொண்டிருக்கும். குறுவையோ 110 நாள் அளவில் முடிந்துவிடும் பயிர். அந்த நேரத்தில் வண்டி படுத்தால் வாடகைக்கும் இன்னொன்று கிடைக்காது. அதனால்தான் மே மாத வெயிலில் பட்டறைகளில் நடக்கும் சர்வீஸைச் சாதாரண ரிப்பேரோடு சேர்த்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. ரிப்பேர்காரருக்கு உடைந்த பாகமே வழி சொல்லிவிடும். சர்வீஸ் பார்ப்பவரோ இன்னும் உடையாத ஒன்றைத் தேய்மானத்திலும் நிறத்திலும் சத்தத்திலும் வாசித்தாக வேண்டும். அந்த வாசிப்பைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ரோட்டவேட்டரையே எடுத்துக்கொள்வோம். சேற்றிலேயே சுழலும் கருவி அது. ரோட்டரின் ஓரத்தில் சுற்றிக்கொள்ளும் புல்லும் நைலான் கயிறும் ஆயில் சீலை அறுத்துவிட, தண்ணீர் உள்ளே புகும். தேர்ந்த மெக்கானிக் அதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே டிரெயின் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துவார். நின்றிருந்த நாட்களில் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் தங்கியிருக்கும். சொட்டுவது எது என்பதிலேயே சீலின் கதை தெரிந்துவிடும். ஒருமுறை ஓட்டிவிட்டால் இரண்டும் கலந்து, பால் கூடிய டீயின் நிறத்துக்கு வந்துவிடும். அதே கை, இன்ஜின் ஆயிலை மாற்றும்போது நேர்மாறாக நடந்துகொள்ளும்: வண்டியைச் சூடேறவிட்டு, கசடு எண்ணெயோடு மிதந்து வரும்போதுதான் இறக்கும். ஒன்றைக் குளிரவிட்டுப் பார்ப்பதற்கும் மற்றதைச் சூடாக்கி இறக்குவதற்கும் இடையே இருக்கும் விவேகம்தான் நான் ரசிப்பது. கத்திகளைப் பூட்டும்போது அது இன்னும் அழகாகத் தெரியும். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக வளைந்த அந்தக் கத்திகள் ஒரே வரிசையில் நிற்பதில்லை. தண்டைச் சுற்றி முறுக்கேறிச் செல்லும். அப்போதுதான் அவை ஒன்றன்பின் ஒன்றாக மண்ணைத் தொடும், பாரம் சீராகப் பரவும். ஒரு கத்தி இடம் மாறினாலும் கருவி அதிர ஆரம்பிக்கும், அந்த அதிர்வு பேரிங்கைத் தின்னும். ஒரு பக்கத்துக் கத்திகள் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், கருவி சாய்ந்தே ஓடியிருக்கிறதோ என்று அதை டிராக்டரோடு பிணைக்கும் இணைப்புத் தண்டுகளை அளந்து பார்க்கத் தோன்ற வேண்டும். கத்தியை மாற்றிவிட்டு அனுப்புகிறவருக்கு அது தோன்றாது.

கையேட்டில் மணிக்கணக்கு இருக்கிறதே, 250 மணிக்கு ஒருமுறை ஆயிலை மாற்று என்று போட்டிருந்தால் மாற்றிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்கலாம். அந்தக் கணக்கு தேவை. அதைப் பின்பற்றாத மெக்கானிக்கை நான் பாராட்டவும் மாட்டேன். ஆனால் மீட்டரில் ஏறும் மணி, டிரெய்லர் இழுத்து ரோட்டில் போனதா, கேஜ் வீல் மாட்டி முழங்கால் சேற்றில் திணறியதா என்று சொல்லாது. தூசியிலும் ஈரத்திலும் ஓடிய வண்டியை முன்கூட்டியே பார்க்கும்படி கையேடுகளே சொல்கின்றன. எவ்வளவு முன்கூட்டி என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொரு எதிர்ப்பு கனமானது: காதை நம்புகிற கைப்பழக்கத்தைப் போற்றினால் தவறுகளையும் போற்றியதாகிவிடாதா? ஆகும், காதோடு நின்றுவிட்டால். ஸ்குரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பவர், வால்வு இடைவெளிக்கு வந்ததும் காதை விட்டுவிட்டு ஃபீலர் கேஜை எடுக்கிறார். எதைக் காதுக்கு விடுவது, எதைத் தகட்டுக்கு விடுவது என்ற தெளிவும் அந்தத் தேர்ச்சியில் சேர்ந்ததே. மின்னணு முறையில் டீசல் தெளிக்கும் புதிய இன்ஜின்களில் கணினியைச் செருகித்தான் கோளாறைப் பார்க்க முடிகிறது என்பதும் உண்மை. ஆனால் சேறும் சீலும் கத்தியும் அந்தக் கணினியோடு பேசுவதில்லை.

கடைசி வேலை கிரீஸ். நிப்பிளைத் துடைக்காமல் கிரீஸ் கன்னை மாட்டினால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். அந்தத் துடைப்பில் ஒருவரின் தரத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். பிறகு அழுத்த அழுத்த, போன பருவத்தின் சேறு கலந்து கறுத்த கிரீஸ் ஓரங்களில் பிதுங்கி வருகிறது. நல்ல கை அப்போதும் நிறுத்துவதில்லை. புதிய கிரீஸின் நிறம் விளிம்பில் தெரியும்வரை அழுத்திவிட்டுத்தான் அடுத்த நிப்பிளுக்கு நகர்கிறது.