சித்திரக்கதையில் கூற்றும் முன்னமும்: கதாசிரியர் – ஓவியர் கூட்டுப் படைப்பும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

மொழிபெயர்ப்பியல் நூல்களில் சித்திரக்கதை பெரும்பாலும் இடநெருக்கடி பற்றிய ஓர் எடுத்துக்காட்டாகவே இடம் பெறுகிறது. பேச்சுக்குமிழி சிறியது; எனவே மொழிபெயர்ப்பு சுருக்கமாக அமைய வேண்டும் என்பதோடு ஆய்வு நின்றுவிடுகிறது. இவ்வணுகுமுறையின் அடியில் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஓர் எடுகோள் உள்ளது. கதாசிரியர் எழுதியதே பனுவல். ஓவியர் வரைந்தது அதற்கான விளக்கப்படம் என்பதே அது. இவ்வெடுகோள் பொருந்தாது என்பதையும், இதனை ஏற்கும் மொழிபெயர்ப்பாளர் பாதிப் பனுவலையே பெயர்க்கிறார் என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது. பிரெஞ்சு, அமெரிக்க, ஆங்கிலச் சித்திரக்கதைகள் சில இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

2. செய்யுள் உறுப்புகளும் சித்திரக்கதையும்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவை இங்குக் கருதத்தக்கவை. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எங்கு, எப்போது சொன்னது என்பன செய்யுளின் சொற்களுக்கு வெளியே நின்றும் அதன் பொருளை முடிவு செய்கின்றன. இன்ன இடத்தில் இன்னார் இன்னாருக்குச் சொல்லுதற்கு உரியது இக்கூற்று எனப் படிப்பவர் உய்த்துணர வைப்பது முன்னம். சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் நிறைவு பெறுவது எச்சம். அகப்பாடலில் இவற்றுட் பலவற்றைத் துறைக்குறிப்பும் உரையாசிரியரும் விளக்குகின்றனர். சித்திரக்கதையில் இப்பணியைச் செய்பவர் ஓவியர்.

குமிழியின் வால் கூற்றுக்கு உரியவரைக் காட்டுகிறது. முகத்தின் திசை கேட்போரைக் காட்டுகிறது. பின்னணி களனையும் காலத்தையும், உடல்நிலை மெய்ப்பாட்டையும் தருகின்றன. ஆகவே குமிழியிலுள்ள தொடர் இலக்கண நோக்கில் முழுமையானதாக இருந்தாலும் கருத்தாடல் நோக்கில் எச்சத்தொடரே ஆகும். அதன் முடிக்கும் சொல் படத்தில் உள்ளது. கதாசிரியர், ஓவியர் கூட்டுறவை ஒருவர் செய்த தொடருக்கு மற்றவர் செய்த அலங்காரம் எனக் கொள்வதைவிட, இருவரும் சேர்ந்து முடிக்கும் ஒரே தொடர் எனக் கொள்வதே பொருந்தும்.

3. கோசினியும் உடெர்சோவும்

1959 அக்டோபர் 29 அன்று ‘பிலோத்’ இதழில் தொடங்கிய ‘அஸ்டெரிக்ஸ்’ இக்கூட்டுறவுக்குச் சிறந்த சான்று. ரெனே கோசினி எழுதினார். அல்பேர் உடெர்சோ வரைந்தார். தொடக்கத்தில் உடெர்சோ தம் நாயகனைப் பெருத்த உடலும் வலிமையும் உடைய மரபுவழிக் கால் இன வீரனாக வரைந்தார். கோசினிக்கு வேண்டியிருந்தவன் உருவில் சிறியவனும் அறிவில் கூர்மையானவனுமான ஒருவன். நாயகன் சிறுத்தான். ஆனால் அவனுக்குப் பெருத்த துணைவன் ஒருவன் வேண்டும் என்பது ஓவியர் கருத்து; கதாசிரியர் அதனை ஏற்றார். ஓபெலிக்ஸ் பிறந்தது இவ்வாறே.

இத்தொடரின் உரையாடல் நகைச்சுவை பெரிதும் இவ்விருவரின் உருவ முரணையும் அறிவு முரணையும் சார்ந்தது. தான் பருமன் அல்லன் என்று ஓபெலிக்ஸ் மறுக்கும்போதெல்லாம், சொல் மறுப்பதைப் படம் உறுதி செய்கிறது. அந்நகைச்சுவையின் ஆசிரியர் யார் என்ற வினாவுக்கு ஒற்றைப் பெயரால் விடை கூற இயலாது.

1977 நவம்பர் 5 அன்று கோசினி மறைந்தார். அப்போது ‘அஸ்டெரிக்ஸ் பெல்ஜியத்தில்’ என்னும் கதையின் எழுத்துப்படி முடிந்திருந்தது, ஓவியம் முடியவில்லை. 1979இல் வெளிவந்த அந்நூலின் பிற்பகுதிப் படங்களில் வானம் இருண்டு மழை பெய்கிறது. அம்மழைக்குப் பொருள் தருவது கதைநிகழ்ச்சி அன்று, வரைந்தவரின் இழப்பு. ஓவியர் தமக்கென ஒரு கூற்றை நிகழ்த்தும் இடம் இது. 1980 முதல் உடெர்சோ தாமே எழுதி வரைந்தார். கோடுகளின் வளம் குறையவில்லை; ஆனால் உரையாடலின் இறுக்கம் தளர்ந்தது என்பது இரு காலத்து நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்குப் புலனாகும். ஒருவர் இல்லாதபோது குறைவது மற்றவரின் கலை அன்று, இருவருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலே எனலாம்.

4. படம் முன்னும் சொல் பின்னும்

எழுத்தே எப்போதும் முந்தியது என்ற கருத்தை அமெரிக்காவின் ‘மார்வெல்’ நிறுவன வழக்கம் மறுக்கிறது. 1960களில் அங்கு ஸ்டான் லீ கதைச் சுருக்கத்தை மட்டும் கூறுவார், அல்லது ஓவியருடன் கலந்து பேசுவார். ஓவியர் பக்கங்களைச் சட்டம் சட்டமாகப் பிரித்து வரைந்து முடித்த பின்னரே லீ உரையாடலை எழுதினார். நிகழ்ச்சிகளின் வரிசை, விரைவு, யார் எப்போது தோன்றுவது ஆகியவற்றை முடிவு செய்தவர் ஓவியர். 1966இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இதழின் 48ஆம் எண்ணில் தோன்றிய ‘சில்வர் சர்ஃபர்’ கதைச் சுருக்கத்தில் இல்லாத பாத்திரம். ஜாக் கிர்பி அதனை வரைந்து அனுப்பினார். பின்னரே லீ அதற்குப் பேச்சு கொடுத்தார். லீயே இதனைப் பலமுறை கூறியுள்ளார்.

இங்கு எழுத்தாளரின் பணி உரையாசிரியர் பணிக்கு நெருங்கியது. முன்னே உள்ள ஒன்றுக்குச் சொல்லால் பொருள் காண்கிறார் அவர். ஆயினும் சொல்லுக்கு உரியவரே ஆசிரியர் என்ற பழக்கம் வலுவானது. கிர்பி 1994இல் மறைந்தார். அவருடைய வாரிசுகள் 2009இல் உரிமை கோரினர். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2014இல் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. ‘ஆசிரியர்’ என்ற சொல்லை நாம் எவ்வாறு வரையறுக்கிறோம் என்பது ஒருவரின் வாழ்வையும் குடும்பத்தையும் தொடும் செய்தி என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

5. மூன்றாவது கூட்டாளி

இருவர் முடித்த தொடரைப் பெயர்ப்பவர் மூன்றாவதாகச் சேர்கிறார். அஸ்டெரிக்ஸ் தொடரை ஆங்கிலத்தில் தந்த ஆன்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் ஆகியோரின் பணி இவ்வகையில் போற்றத்தக்கது. பாணனின் பிரெஞ்சுப் பெயர் ‘அசுரான்ஸ்தூரிக்ஸ்’. எல்லா இடர்களுக்குமான காப்பீடு என்னும் தொடரை ஒலிப்பது. அதற்கும் அப்பாத்திரத்தின் தொழிலுக்கும் தொடர்பில்லை. ஆங்கிலத்தில் அவன் ‘கெகோஃபோனிக்ஸ்’, அதாவது கேட்கச் சகியாத ஒலியன். அவன் பாடத் தொடங்கியதும் ஊரார் அவனைத் தடுப்பதையும், விருந்தின்போது கட்டிப்போடுவதையும் படங்கள் காட்டுகின்றன. பெயர்ப்பாளர்கள் இங்குக் கோசினியின் சொல்லை விட்டு உடெர்சோவின் படத்தைப் பெயர்த்துள்ளனர். சொல்லுக்குச் சொல் நோக்கினால் இது பிறழ்வு. கூட்டுப் பனுவலை நோக்கினால் இதுவே நேர்மை.

‘அஸ்டெரிக்சும் கோத்தியரும்’ என்னும் 1963ஆம் ஆண்டு நூல் மொழிபெயர்ப்பாளர்க்கு மேலும் நெருக்கமானது. கோத்தியரின் மொழி அங்கே கூர்முனைப் பழைய ஜெர்மானிய எழுத்துருவால் காட்டப்படுகிறது. சொற்கள் பிரெஞ்சு, வடிவம் வேற்றுமொழி. மந்திரப்பானம் செய்ய மூலிகைப் பூசாரி மறுக்கிறார். அவர் மறுத்தால் தன் உயிரும் போகும் என்றஞ்சிய மொழிபெயர்ப்பாளன், அவர் இணங்கிவிட்டதாகத் தலைவனிடம் பொய் சொல்கிறான். பூசாரிக்குக் கோத்திய மொழி தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. இந்நகைச்சுவை முழுவதும் எந்தக் குமிழி எந்த எழுத்துருவில் உள்ளது என்பதைப் பொறுத்தது.

தமிழில் இதனை எவ்வாறு காட்டலாம்? வட்டெழுத்து பழமையைக் காட்டும். ஆனால் இன்றைய வாசகரால் படிக்க இயலாது. மூலத்தில் உள்ள எழுத்துரு அயலானது, எனினும் படிக்கக்கூடியது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட ணை, லை, றா போன்றவற்றின் வடிவங்கள் இவ்விரு இயல்பையும் ஓரளவு நிறைவு செய்யும். இத்தீர்வைச் சொற்களை மட்டும் பெற்றுக்கொண்ட பெயர்ப்பாளர் தனியே அடைய முடியாது; எழுத்து வரைபவரும் உடனிருக்க வேண்டும்.

6. தமிழ்ப் பெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

தமிழ் வாசகர் நன்கறிந்த சான்று ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் ‘எஃகு நகம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் தொடங்கிய இக்கதைக்கு ஓவியர் ஸ்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோ; எழுதியோர் கென் புல்மரும் பின்னர் டாம் டல்லியும். 1972இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் நாயகன் மறைவான். அவனது இரும்புக்கை மட்டும் புலப்படும். ஆங்கிலத் தலைப்பு புலப்படுவதை மட்டும் சொல்கிறது. தமிழ்த் தலைப்போ புலப்படும் கையையும் புலப்படாத ஆளையும் சேர்த்துச் சொல்கிறது. பிளாஸ்கோ வெற்றிடமாக விட்ட பகுதியைத் தமிழாக்கியவர் படித்திருக்கிறார் என்பதற்கு இத்தலைப்பே சான்று.

இனி இலக்கணக் கூறுகள் மூன்றைக் காண்போம்.

முதலாவது, முன்னிலை. ஆங்கில முன்னிலைப் பெயர் ஒன்றே. தமிழில் நீ, நீர், நீங்கள் என மூன்று. எதனைத் தேர்வது என்பதைத் தாளிலுள்ள சொல் கூறாது. தோள் வளைந்துள்ளதா, கை நீண்டுள்ளதா, ஒருவர் நிற்க ஒருவர் அமர்ந்துள்ளாரா என்பவை கூறும்.

இரண்டாவது, சுட்டு. இவன், அவன் என்ற வேறுபாடு பேசுவோர்க்கும் பொருளுக்கும் இடையே ஓவியர் வைத்த தொலைவால் முடிவாவது.

மூன்றாவது, சொல்வரிசை. ஆங்கிலத் தொடர் இரு சட்டங்களில் பிரியும்போது, ‘அவனைப் பார்த்தேன்’ என்னும் பகுதி முதற் சட்டத்திலும் ‘கோபுரத்தில்’ என்பது இரண்டாவதிலும் வரலாம். கோபுரத்தின் படமும் இரண்டாவதில்தான் இருக்கும். வினையை இறுதியில் வைக்கும் இயல்பான தமிழ்த் தொடர் கோபுரத்தை முதற் சட்டத்திலேயே சொல்லிவிடும், படம் பின்தங்கும். வினைக்குப் பின் பிற கூறுகளை நிறுத்தும் பேச்சுவழக்கு அமைப்பு, அதாவது ‘பார்த்தேன் அவனை... கோபுரத்தில்!’ என்பது போன்றது, இங்குக் கைகொடுக்கும். எழுத்து வழக்கில் குறையாகக் கருதப்படும் அமைப்பு இங்கு ஓவியரின் வரிசையைக் காக்கிறது.

7. முடிவுரை

கதாசிரியரும் ஓவியரும் ஒரு கூற்றின் இரு பகுதிகளைச் செய்கின்றனர். எது முந்தியது என்பது மரபுக்கு மரபு வேறுபடும். எது தனித்து முழுமையானது என்ற வினாவுக்கு எம்மரபிலும் விடை ஒன்றே: எதுவும் இல்லை. ஆகவே குமிழிச் சொற்களை மட்டும் தட்டச்சு செய்து பெயர்ப்பாளரிடம் கொடுக்கும் முறை கைவிடப்பட வேண்டும். படம் உள்ள பக்கமே மூலப் பனுவல். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் சித்திரக்கதைப் பக்கம் ஒன்றைச் சொற்களின்றிக் கொடுத்து, கூற்று, கேட்போர், மெய்ப்பாடு ஆகியவற்றை முதலில் குறிக்கச் செய்வது பயனுடையது. பெயர்த்த நூலின் முகப்பில் எழுதியவர், வரைந்தவர், பெயர்த்தவர் மூவரின் பெயர்களும் இடம்பெறுவதும் பனுவலைச் சரியாக வாசித்ததன் ஒரு பகுதியே ஆகும்.