புறநோயாளிகள் வரிசையும் பெய்லியின் கணக்கும்

ஒரு நோயாளியைப் பார்க்க மருத்துவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது. 5 நிமிடத்துக்கு ஒருவராக வரச் சொன்னால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்றுதானே நினைப்பீர்கள்? இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. ஒருவருக்கு 9 நிமிடம் பிடித்தால், மிகையான 4 நிமிடமும் அடுத்தவர் தலையில் விழும். இன்னொருவருக்கு 2 நிமிடமே போதுமானால், மிஞ்சும் 3 நிமிடத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. அடுத்தவர் இன்னும் வந்திருக்க மாட்டார்.

இங்கிலாந்துப் புள்ளியியலாளர் நார்மன் பெய்லி இதற்கு ஒரு வழி கண்டார். 1952-இல் வெல்ச் என்பவருடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் அதை வெளியிட்டார். தொடக்கத்தில் இருவரை வரச் சொல்ல வேண்டும்; பிறகு சராசரி நேரத்துக்கு ஒருவர். ஒருவர் கையிருப்பாக இருப்பதால் மருத்துவரின் மிச்ச நேரம் பெரும்பாலும் வீணாவதில்லை. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு கற்பனை நோயாளிகளை வரிசையில் நிறுத்திக் காகிதத்திலேயே சோதித்த கணக்கு இது. (பகடையில் விழும் எண்ணை நிமிடமாகக் கொண்டு நீங்களும் செய்து பார்க்கலாம், சராசரி 3½ நிமிடம்.) எல்லாரையும் காலை 9 மணிக்கே வரவழைத்துப் பெஞ்சில் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆயினும் குறைகள் உண்டு. இம்முறையில் நேரம் செல்லச் செல்லக் காத்திருப்பு நீள்கிறது. கடைசியில் வருபவரே அதிகம் சுமக்கிறார். இடைவெளியைத் தொடக்கத்தில் குறுக்கி, நடுவில் அகட்டி, இறுதியில் மீண்டும் குறுக்கலாம் எனப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. மருத்துவரே 20 நிமிடம் தாமதமாக வந்தாலோ எந்த விதியும் நிற்காது. 20 நோயாளிகள் இருந்தால் அவர்கள் இழப்பது மொத்தம் ஏறக்குறைய 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம்!

என் முக்கியமான மறுப்பு வேறு. மருத்துவரின் ஒரு நிமிடம் நோயாளியின் எத்தனை நிமிடங்களுக்குச் சமம்? இந்த எடையை முதலில் கொடுத்தால்தான் எது சிறந்த வரிசை என்று கணக்கிட முடியும். எடை 1 என்றால் இடைவெளியை அகட்டச் சொல்லும்; 30 என்றால் இன்னும் பலரை முன்கூட்டியே வரவழைக்கச் சொல்லும். இரண்டு விடைகளும் கணிதப்படி பிழையற்றவையே. அந்த எடையைத் தேர்ந்தெடுப்பது மருத்துவமனை நிர்வாகம். அப்போது அன்றைய கூலியை விட்டுவிட்டுப் பெஞ்சில் காத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை.