தேம்பாவணியைக் கண் மட்டும் படித்தால் போதுமா?

வீரமாமுனிவர் தம் காப்பியத்துக்கு இட்ட பெயரை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ‘தேம்பா அணி’ என்றால் வாடாத மாலை. ‘தேன் பா அணி’ என்றால் தேன் போன்ற பாக்களால் தொடுத்த மாலை. இரண்டு பொருளும் வழங்கிவருகின்றன, இரண்டும் பொருத்தமானவையே. காதில் விழுவதோ ஒரே ஒலி. பெயரைப் பிரித்து எழுதிய கணமே ஒரு மாலை கையில் தங்கும், மற்றது உதிர்ந்துவிடும். இந்நூலை இன்று நாம் படிக்கும் முறை குறித்து எனக்குள்ள ஐயம் இங்கேதான் தொடங்குகிறது.

படிப்பது கண்ணா, காதா என்னும் கேள்வி பழையது. ஆயர் அம்புரோசியார் வாய் திறவாமல் நூல் படித்ததைப் புனித அகுஸ்தினார் தம் தன்வரலாற்று நூலின் ஆறாம் பகுதியில் தனியே குறித்து வைத்திருக்கிறார். 1892இல் பிரெஞ்சு மருத்துவர் டெஜெரின் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்: அவரால் எழுத முடிந்தது, தாம் எழுதியதையே படிக்க முடியவில்லை. எழுத்துருவை இனங்காணும் பகுதி மூளையின் இடப்புறத்தில், பின்பக்க அடியில் இருப்பதை இக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. பழகிய சொல்லின் வடிவம் நேரே பொருளைத் தொடுகிறது. பழகாத சொல்லையோ ஒலித்துப் பார்த்தே பொருள் தேடவேண்டியிருக்கிறது. இரு வழிகளும் ஒருங்கே இயங்குவதால், வாய் மூடியிருந்தாலும் உள்ளே ஒலி எழுகிறது. வாக்கியத்தில் பொருந்தாத சொல் ஒன்று வந்தால் ஏறத்தாழ 400 மில்லி நொடியில் மூளையின் மின்னலையில் அதன் சுவடு தெரியும் என்று குட்டாஸ், ஹில்யார்டு இருவரும் 1980இல் காட்டினர். பொருள், வாக்கியம் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை.

தமிழ் ஓலைச் சுவடி இதற்கு நல்ல சான்று. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்கும் புள்ளியில்லை, குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளியில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. எழுதியிருப்பது ‘கொடு’வா ‘கோடு’வா என்று பொருளறிந்தவனே ஒலிக்க முடியும். இன்றும் ‘பாவம்’ என்று எழுதியிருப்பதை நடனக் கலைஞர் ஒருவிதமாக ஒலிப்பார். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர் வேறுவிதமாக ஒலிப்பார். பொருள் முந்தி, ஒலி பிந்தி. இத்தடுமாற்றத்தின் ஒரு பகுதியை நீக்க, நெடிலைச் சுழியிட்டு வேறுபடுத்திக் காட்டியவர் வீரமாமுனிவர். கண்ணுக்கு அவர் செய்த உதவி அது.

அவரே காதுக்கு எழுதிய நூல் தேம்பாவணி. 36 படலம், 3615 விருத்தம். அதை உரைநடைபோல் கண்ணோட்டமாகப் படிப்பவருக்கு இரண்டாம் பாட்டிலேயே களைப்பு வந்துவிடும். சந்தி பிரித்து அச்சிடுவது தீர்வு என்பார்கள். மர்ரே எஸ். ராஜம் 1950களில் அவ்வாறு வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் பழந்தமிழை எளியவர் வீட்டுக்குள் கொண்டு சேர்த்தன. அவற்றைக் குறைகூற மாட்டேன். ஆனால் பிரித்த பாட்டில் பொருள் விளங்கும், ஓசை நொண்டும். முதலில் பிரிக்காததை வாய்விட்டு ஓதி, பிறகு பிரித்ததைப் பார்த்து, மீண்டும் ஓதவேண்டும். நேரமெடுக்கும் வேலைதான். செபமாலை சொல்லும் நமக்குத் திரும்பச் சொல்லுதல் புதியதன்று.

நூலின்மேல் எனக்குள்ள குறை வேறு. சூசையப்பரைக் கவிஞர் ‘வளன்’ என்கிறார்; அருளப்பர் ‘கருணையன்’ ஆகிறார். எபிரேயப் பெயரின் பொருளைத் தமிழாக்கியது புலமைக்குப் பெருமை, ஐயமில்லை. ஆனால் ‘சூசை’ போர்த்துக்கீசியர் வாய்வழி வந்து, பாட்டிமார் மன்றாட்டில் ஊறி, கேட்டவுடன் நெஞ்சைத் தொடும் ஒலி. ‘வளன்’ என்று படிப்பவர் உள்ளத்தில் நாசரேத்துத் தச்சர் உடனே எழுவதில்லை; அகராதியைச் சுற்றிக்கொண்டு வருகிறார். யாப்புக்கு அடங்காத சொல்லன்று ‘சூசை’. ஆகவே இது கவிஞரின் தேர்வு. முப்பது வயதுக்குமேல் தமிழ் கற்ற இத்தாலியருக்கு நம் மொழி பெரிதும் ஏட்டின் வழியாக வந்தது. தாலாட்டின் வழியாக வரவில்லை. அவருடைய பெரும் வலிமையும் இந்தச் சிறு தொலைவும் ஒரே வேரில் கிளைத்தவை என்றே எண்ணுகிறேன்.

இதற்கு நேர்மாறு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம். நம் கடற்கரைச் சிற்றூர்களில் எழுத்தறியாத முதியவர்கள் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டார்கள். தேம்பாவணிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதை நாம் தேர்வுத்தாளுக்கும் நூலக அலமாரிக்கும் ஒப்படைத்துவிட்டோம். மார்ச் 19க்கு முந்திய நவநாளில், நாளுக்குப் பத்துப் பாட்டு வீதம் ‘வளன் சனித்த படல’த்தை இராகத்தோடு ஓதச் செய்யலாம். ‘வளன்’ என்னும் ஒலி அப்படிப் பழகிவிட்டால் நான் மேலே சொன்ன குறைக்கே இடமில்லாமற்போகலாம். ஓதத் தெரிந்தவர் பங்கில் இல்லையென்றால், மதுரையில் விருத்தம் பாடும் ஓதுவார் ஒருவரை அழைத்தாலும் குற்றமில்லை. பாட்டை அவர் நம்மைவிட நன்றாகவே பிரிப்பார்.